பெரிய ஆம்பிளிஃபயர்

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கும் ஆள்பதிவும் பார்க்கும் பெரிய கிராணி அம்பிகைபாகன், மலாக்கா ரேடியோ கடையில் இரண்டு ஆம்பிளிஃபயர் வாங்கினார். ஒன்று தோட்டத்துக்கு; ஊரடங்கு அறிவிப்புக்காகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கட்டிய ஆறு ஒலிபெருக்கிகளும் அதில்தான் ஓட வேண்டும். மற்றொன்று அவர் வீட்டுக்கு. நான்கு அறைக் கூரையிலும் ஸ்பீக்கர் பதித்திருந்தார்.

"பெருசு லயத்துக்கு, கிராணியாரே. வீட்டுக்குச் சின்னதே தாராளம் லா," என்றார் கடைக்காரர் கணேசமூர்த்தி.

கேட்டால்தானே! லயத்துக்குப் பெரியது, கிராணி வீட்டுக்குச் சின்னதா? மனம் ஒப்பவில்லை. பெட்டிகளை மாற்றி மாட்ட வைத்தார்.

அன்று மாலை அவர் வீடு பாட்டில் அதிர்ந்தது. அதே மாலைதான் லயங்களில் அறிவித்தார்கள்: மறுநாள் காலை ஏழு மணிவரை யாரும் வெளியே வரக்கூடாது. சின்னப் பெட்டியின் குரல் கடைசி லயத்தை எட்டவில்லை. வழக்கம்போல் விடியுமுன் பால்வெட்டக் கிளம்பிய அந்த லயத்து வீராயியைக் கம்பிவேலி வாசலிலேயே பட்டாளத்தார் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் விட்டார்கள். காலையில் ஆளெண்ணும் பெரட்டில் பெயர் கொடுக்க வந்து நின்றவளைக் கிராணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அறிவிப்பு உனக்குக் கேக்கேல்லையோ?" என்றார், பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தபடி.

"இல்லீங்கய்யா. பாட்டுதான் நல்லாக் கேட்டுச்சு. எங்களுக்காகத்தான் போடுறீங்கன்னு, ஒங்கள வாழ்த்திக்கிட்டே படுத்தோம்."