பாதி தேய்த்த பம்பர்

விடிவதற்கு முன்பே டிங்கர் அண்ணனின் சுத்தியல் எழுந்துவிட்டது. வெள்ளைக் காரின் நசுங்கிய பானெட்டுக்கு அடியில் இரும்புக் கட்டையை இடது கையால் தாங்கிக்கொண்டு, மேலிருந்து வலது கையால் தட்டினார். ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை குலுங்கியது. கழுத்து வியர்வை தகரத்தில் சொட்டியது. ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்கக் கூடாது என்று முதலாளியின் உத்தரவு. தின்னர் வாடையும் பட்டித் தூசியும் வெளியே போக வழியில்லாமல் எங்கள் நெஞ்சுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன.

நான் அந்தப் பட்டறையில் தேய்க்கிறவன். கழற்றி வைத்த பம்பரின் முன்னால் மண்டியிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நேராக வந்திருந்தேன். எங்கள் பட்டறையின் பெயிண்டர் என் அக்கா வீட்டுக்காரர். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் போனவரை ஒரு கார் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கை ஸ்ப்ரே கன்னைப் பிடிக்குமா என்று அக்கா கேட்டதற்கு, போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

இந்த நிலையில் எதற்கு வேலைக்கு வந்தாய் என்று கேட்பீர்கள். முதலாளி கூப்பிட்டார், வந்தேன். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். "என் வலது கையே போச்சேம்மா" என்று அக்காவின் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மருந்தெல்லாம் அவரே வாங்கி வந்தார். போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "காலையில ஒரு அவசர வண்டி இருக்குப்பா. டிவைடர்ல ஏத்திட்டாங்க. முடிச்சுக் குடுத்தா, வர்ற காசை அப்படியே மாமா வைத்தியத்துக்குத் தர்றேன்" என்றார். தெய்வமே நேரில் வந்ததாக நினைத்தேன்.

அதற்குச் சற்று முன்புதான் ஒரு போலீஸ்காரர் அக்காவுக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். "வண்டி எதுன்னு தெரிஞ்சா அதோட இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு குடுத்தாகணும்மா. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம், கை வராமப் போனா அதுக்கும் சேர்த்து. வண்டி தெரியலேன்னா நிவாரணம்னு ஏதோ கொஞ்சம் வரும். அவ்வளவுதான்." முதலாளி பக்கத்தில் நின்று அதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வெள்ளைப் பம்பரைத் தேய்த்தால் வெள்ளைத் தண்ணீர்தான் வழிய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நான் கவனிக்கவில்லை. முழங்காலடியில் தேங்கியதைத் தற்செயலாகப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறமும் இல்லை, களிமண் நிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்றாவி நிறம்.

அந்த நிறம் உலகத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் உண்டு. ஒவ்வொரு காருக்கும் அடித்தது போக மிஞ்சும் பெயிண்டை மாமா ஒரே வாளியில் ஊற்றி வைப்பார். எல்லாவற்றையும் கலக்கித் தன் சைக்கிளுக்குப் பூசிக்கொள்வார். "இந்த நிறத்தைப் பாத்தா திருடன்கூடத் தொட மாட்டான்யா" என்று டிங்கர் அண்ணன் கேலி செய்வார். "அதுக்குத்தானே பூசினேன்" என்பார் மாமா.

என் கை நின்றுவிட்டது. மோதியபோது சைக்கிளிலிருந்து ஒட்டிய அந்தப் பெயிண்டில் பாதிக்கு மேல் நானே அழித்திருந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். என் அக்கா குடும்பத்தின் சோறு அந்தக் கீற்றில் இருந்தது.

"அண்ணே, தட்டாதீங்க" என்றேன். சுத்தியல் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன்.

டிங்கர் அண்ணன் வந்து குந்திப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். சீட் தைக்கிற அக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து வந்தார். "பாவி. நம்ம கையை வெச்சே அழிக்கப் பாத்திருக்கான்" என்றார்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் தொட்டிலை ஆட்ட என்னையே கூலிக்கு வைத்திருந்தார்.

முதலாளி குனிந்து உள்ளே வந்தார். கையில் எல்லோருக்கும் டீ.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"யார் வண்டி முதலாளி இது?" என்றார் டிங்கர் அண்ணன்.

"அதான் சொன்னேனே, டிவைடர்ல..."

"டிவைடருக்கு எப்ப சைக்கிள் பெயிண்ட் அடிச்சாங்க?" என்றார் சீட் அக்கா.

முதலாளி பம்பரைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். மறுக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"வாடகைக் கார் கம்பெனிக்காரரோட பையன் ஓட்டினான். லைசென்ஸ் இல்ல. இங்க வர்ற வண்டியில முக்கால்வாசி அவரோடது."

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? அது குடுத்துட்டுப் போகட்டும். அவர் வீட்டு நகையையா கேக்குறோம்?" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினா, இன்சூரன்ஸ்காரன் உங்களுக்குக் குடுத்துட்டு அதை அவர்கிட்ட வசூல் பண்ணுவான். பையன் மேல கேஸ் வேற. அவர் முகம் சுளிச்சா நாளைக்கு இங்க ஒரு வண்டி வராது. எல்லார் வீட்டு அடுப்புலயும் பூனை தூங்கும். ஒருத்தனுக்காக எல்லாரும் பட்டினி கிடக்கணுமா? உன் மாமாவை நான் பாத்துக்கறேன்பா. விட்டுருவேனா?"

"கை வரலேன்னா எத்தனை நாளைக்குப் பாத்துப்பீங்க?" என்றேன்.



"தகரக் கொட்டகையில நீங்களும் இவன் மாமாவும் ஒரே தட்டுல சாப்பிட்டுத்தானே இதை ஆரம்பிச்சீங்க?" என்றார் டிங்கர் அண்ணன். முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டிராத மனிதர் அவர்.

முதலாளியின் முகம் மாறியது. "என் உப்பைத் தின்னுட்டு எனக்கே ரெண்டகமா? இஷ்டமில்லாதவன் வெளியே போகலாம். ஊர்ல வேற பெயிண்டரே இல்லையா?" என்று போனை எடுத்தார்.

அடுத்த பட்டறையின் பெயிண்டர் சொந்த ஸ்ப்ரே கன்னோடு வந்தார். அவருக்கும் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் அடித்த வண்டியை இன்னொருவர் பார்த்தால் குறை சொல்லாமல் நகர மாட்டார்கள்.

"எங்க அடிக்கணும்?" என்றார்.

"முதல்ல இதைப் பாருங்க" என்று டிங்கர் அண்ணன் பம்பரைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். நடுவில் முதலாளி ஏதோ சொல்ல வந்தார், யாரும் காது கொடுக்கவில்லை.

வந்தவர் குந்தி உட்கார்ந்து அந்தக் கீற்றை நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கண்றாவியை அந்த ஆளைத் தவிர வேற எவன் கலப்பான்" என்றார். பிறகு ஸ்ப்ரே கன்னைப் பைக்குள் திருப்பி வைத்தார். "நானும் சைக்கிள்லதான் வீட்டுக்குப் போறேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு, ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து முழுக்க மேலே தள்ளினார்.

வெயில் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே தெருவும் வந்தது. எதிர்ப்பட்டறை மெக்கானிக்குகள், டயர்க் கடைக்காரர், பேட்டரிக் கடையில் வேலை செய்கிறவர்கள். முதலாளி கோபத்தில் மெயின் சுவிட்சை அணைத்தார். யாருக்கும் இருட்டாகவில்லை.

சீட் அக்கா வெட்டாத புதுத் துணியை எடுத்து அந்தக் கீற்றின் மேல் கை படாமல் போர்த்தினார். டிங்கர் அண்ணன் காரின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். மாமாவின் சைக்கிள் ஸ்டேஷனில் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும் என்று இரண்டு மெக்கானிக்குகள் போலீசைக் கூப்பிடப் போனார்கள். வருகிற போலீஸ் யார் பக்கம் பேசுமோ தெரியாது. கேஸ் எத்தனை காலம் இழுக்குமோ, நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமோ, அதுவும் தெரியாது. நான் தேய்த்த பாதி திரும்பி வராது. மிச்சத்தை இனி ஒருவனும் தொட முடியாது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, வண்டி கிடைச்சிருச்சு."

"எங்கடா?"

"நம்ம பட்டறையிலதான்."

"மருந்து வாங்கிக் குடுத்தாரே, அவரா?" என்றாள்.

"அவர்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீ அங்க தனியாவா இருக்க?"

"இல்லக்கா. உட்கார இடமில்லாத அளவுக்கு இருக்கோம்."

"பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட மாமாவைப் பாத்துக்கச் சொல்லிட்டு வரேன்" என்றாள். "எனக்கும் ஒரு இடம் போட்டு வை."