பதிவேட்டின் மேல் உட்கார்ந்தவள்

கார்னிவல் செவ்வாய். மலை மேல் இருக்கும் எல் ஆல்ட்டோ விமான நிலையத்தில் எல்லா வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் காகிதத் தோரணம் கட்டி, வழக்கப்படி பூமித்தாய்க்குப் படையலாக பீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் நில்டா மட்டும் ஒரு சிறிய விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டை மூடி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அதில் அவள் கையெழுத்து விழாமல் அந்த ஒற்றை எஞ்சின் விமானம் கிளம்ப முடியாது.

"என்னம்மா, அடைகாக்குறியா?" என்றார் முதலாளி தோன் ரொமுலோ. "நாலு பேர் ஊருக்குப் போகக் காத்திருக்காங்க."

"அவங்க ஊர் போய்ச் சேரணும்னுதான் உட்கார்ந்திருக்கேன், முதலாளி."

நேற்று சமவெளி ஊரான டிரினிடாடிலிருந்து மலையைத் தாண்டி வரும்போது பெட்ரோல் வரத்துக் குறைந்து, சிலிண்டர் சூடு ஏறியதாக விமானி செல்ஸோ சொல்லியிருந்தான்.

"டிரினிடாட்ல நல்லாத்தானே ஓடிச்சு? இந்த உயரத்துல மனுஷனுக்கே மூச்சு வாங்குது. எஞ்சினுக்கு வாங்காதா?"

"வாங்கக் கூடாதுன்னுதானே டர்போ வச்சிருக்கு! அது காத்தை அமுக்கி உள்ளே தள்ளுது. எவ்வளவு அமுக்கம்னு பெட்ரோல் பம்புக்குச் சொல்ல ஒரு சின்னக் குழாய் போகுது. அதுல கசிவு இருந்தா அமுக்கம் குறைஞ்சுதான் பம்புக்குத் தெரியும். கீழ ஊர்ல வெளிக்காத்தே கனம், வித்தியாசம் பெருசாத் தெரியாது. மலை மேல காத்து மெலிசு. காத்து கம்மின்னு நம்பி பம்பு பெட்ரோலைக் குறைச்சிடும். உள்ளேயோ காத்து நிறைய. எஞ்சின் வெந்துபோகும்."

"குழாயைப் பார்த்தாச்சே, எங்க கசிவு?"

கண்ணுக்குத் தெரியவில்லை. காலையில் கோபகபானா மாதாவிடம், "ஓட்டையைக் காட்டு, இல்லேன்னா முடியாதுன்னு சொல்லத் தைரியம் கொடு" என்று வேண்டியிருந்தாள். இரண்டாவதுதான் கிடைத்திருந்தது.

"நாளைக்கு வேற மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன்."

"தாராளமா. இன்னிக்கு நான்தான். கையெழுத்துப் போட மாட்டேன்."

பக்கத்தில் நின்ற செல்ஸோ போய்த் தன் காரிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை எடுத்து வந்தான். "குழாயோட ஒரு முனையை அடைச்சுக் கொடு, நில்டா. நான் அடிக்கிறேன்."

"நீயுமாடா?"

"உள்ளே உட்கார்ந்து பறக்கிறவன் நான்தானே, தோன் ரொமுலோ."

கடவுள் பெரும்பாலும் ஒரு கைப்பம்பு அளவில்தான் உதவி அனுப்புகிறார். நில்டாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

செல்ஸோ அடித்தான். வெளியே பேண்டு வாத்தியம் முழங்கியதில் கசிவின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"எல்லாம் பூமித்தாய் பார்த்துக்குவா!" என்று தோன் ரொமுலோ பீர் பாட்டிலைக் குலுக்கி, திறந்திருந்த எஞ்சின் மேலேயே பீய்ச்சினார்.

பீர் வழிந்து ஓடியது. குழாயைப் பிடித்திருந்த கவ்விக்கு அடியில் மட்டும் நுரை அடங்கவில்லை. செல்ஸோ ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அங்கே குமிழி பொங்கியது. நில்டா கவ்வியைக் கழற்றினாள். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"பூமித்தாய் பார்த்துக்கிட்டா, முதலாளி," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

தோன் ரொமுலோ பாட்டிலைக் கீழே வைத்தார். கிளம்பத் தாமதமாகும் என்று பயணிகளிடம் தானே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "சரி, குழாயை மாத்திட்டுக் கையெழுத்துப் போடு."

"மாத்துறேன். எஞ்சினை ஓட்டிச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.