மூன்று ஞாயிறும் வாசித்த ஓலை

...இரும்பும் களிமண்ணும் ஒட்டாது என்று வேதத்தில் தானியேல் யாரோ ஒரு ராசாவிடம் சொன்னதை நான் இன்றைக்கா வாசிக்க வேண்டும், வாசகம் என்னவென்று பார்க்காமல் ஜினியை வரச் சொன்ன என் வாயைத்தான் தைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பூசை, வேதம் வாசிப்பது எங்கள் தெரு அன்பியக் குழுவின் முறை, குளோரிதான் திக்காமல் வாசிப்பாள் என்று நாலு பேர் சொன்னதும் தலைகால் புரியவில்லை, உடனே மகளுக்குப் போன். "அம்மா வாசிக்கியா? அப்ப நான் வாறேன். பொறத்தால நிப்பேன், அப்பா காணாண்டாம்" என்றாள். "வா மக்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன். ஆகாதா? பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டிய பிறகல்லவா தெரிகிறது, ராசா கனவில் கண்ட சிலை, தங்கத் தலை, வெள்ளி மார்பு, இரும்புக் கால், பாதம் மட்டும் பாதி இரும்பு, பாதி களிமண். கடைசி ராஜ்யம் அப்படித்தான் இருக்குமாம், ஒரு பக்கம் உறுதி, ஒரு பக்கம் உடையும், கல்யாணம் செய்து கலந்தாலும் ஒட்டமாட்டார்களாம். ஒரு கல் வந்து பாதத்தில் விழுந்ததும் தங்கத் தலையும் சேர்ந்து பொடிப்பொடியாகிவிடுகிறது.

கல்யாணம் என்று வருகிற அந்த ஒரு வரியை விட்டுவிட்டால்? யார் கவனிக்கப் போகிறார்கள்... ஆண்கள் பக்கம் முன்வரிசையில் என் நிக்கோலஸ் கவனிப்பார், கடலில் காற்று மாறுவதைக் கேட்கிற காது அது. செங்கல் ஊரிலிருந்து அஜேஷ் பெண் கேட்டு வந்தபோது அவர் சொன்னதும் இதுதானே, "அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற, ஒட்டாது. போனா எனக்கு மக இல்லாக்கும்." போனாள். நெய்யாற்றின்கரை ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து ஊரைக் கேட்பார்களே, அது என் மகளுக்கு இல்லாமல் போயிற்று. போன வருஷம் ஓணம் கழிந்து போனவள், இன்னும் என் கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அஜேஷ் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், அந்த வீட்டில் இப்போது மீன் கிடையாது, மீன் இல்லாமல் சோறு இறங்காதவள் என்ன செய்கிறாளோ. விடியுமுன் எழுந்து சாளைக் கறி வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன். பூசை முடிந்ததும் இந்த மனிதர் பின்னால் திரும்பி "வா மக்கா" என்று ஒரு சொல் சொல்லமாட்டாரா, அது போதுமே எனக்கு.

முதல் வாசகம். எழுந்து போகிறேன். நிமிர்ந்தால் கடைசித் தூணருகே ஜினி, மெலிந்துவிட்டாள், என் பிள்ளை. வாசலுக்கு வெளியே மழைச் சாரலில் அஜேஷ், கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால். குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், படியில் அவள் கழற்றிப் போட்ட செருப்புக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பைத்தியக்காரன்.

வாசிக்கிறேன். விடவில்லை. அந்த வரி வருகிறது, கண் நிக்கோலஸிடம் போகிறது. அவர் பின்னால் திரும்பவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். எங்களுக்கு மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள், ஒரு தடையும் இல்லை, ஒரே கடல், ஒரே கோயில், ஒரே சட்டியில் கறி... இத்தனை வருஷத்தில் என் செருப்பு நனைந்ததை இவர் பார்த்திருப்பாரா? மகளைக் காண மனசு தேடுது என்று நான்தான் இவரிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னேனா? இந்த வரி ஜினிக்கு என்றல்லவா இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தேன்... வாசகம் முடிந்துவிட்டது, 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று நான் சொல்லி முடிக்க வேண்டும், பதில் சொல்ல எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.