டேப்பட் சத்தம்

இன்னாசியம்மாளின் கடலைக் கொல்லையில் இரண்டாம் உழவு ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரெங்கராஜுக்கு விஷயம் தெரியவந்தது. வரப்பில் நின்றிருந்த அந்த அம்மாள் கையைக் காட்டி டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். கலப்பையில் தைலமர வேர் ஏதும் மாட்டிக்கொண்டதோ என்று இறங்கிவந்தான்.

“ஏன் தம்பி, வண்டி தையல் மிசினு கணக்கா டக்குடக்குன்னு அடிச்சுக்குதே, அதைப் பாக்கக் கூடாதா?”

ரெங்கராஜ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிற வண்டி அது. ரோட்டில் போகிற டிராக்டரின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவன் என்று அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பெயர். மறுபடி சீட்டில் ஏறி, தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தான். கனத்த கடகடப்பு வந்தது. அதற்கு மேலே கேட்க வேண்டிய, வால்வு தட்டுகிற டேப்பட் சத்தம் வரவேயில்லை. கொஞ்ச நாளாக செல்போன் மணி அடிப்பது தெரியாமல் போனதும், போனில் ஏதோ கோளாறு என்று அதைக் கடையில் கொடுத்துப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. பார்த்துவிடுகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு, மிச்ச நிலத்தை உழுது முடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

என்ஜின் நன்றாக ஆறியிருந்தால்தான் வால்வு இடைவெளி பார்க்க முடியும். மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டியின் டேப்பட் கவரைக் கழற்றினான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி செல்வராணி, ஒருவழியாகத் திறந்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பங்குனியிலிருந்தே அந்தச் சத்தம் இருக்கிறதாம். உழவு சீசன் முடியட்டும் என்று அவன் விட்டுவைத்திருப்பதாக நினைத்தாளாம். ரெங்கராஜ் குனிந்த தலையை நிமிர்த்தாமல் ம் என்றான்.

வால்வின் தலைக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் தட்டும், குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகும். அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்து, லேசாக இழுத்துப்பிடிக்கிற பதத்தில் ஸ்க்ரூவைத் திருகி, நட்டை இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மூன்றாவது சிலிண்டரில் ஒரு நட்டு தளர்ந்து ராக்கர் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, வந்தது வந்தோம் என்று மற்றவற்றையும் பார்த்தான். நடு சிலிண்டரில் தகடு உள்ளே போகாமல் அடம்பிடித்தது. ஸ்க்ரூவைத் தளர்த்திப் போகவைத்தான். அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவன் மனம் இரவிலிருந்தே வேறெங்கோ இருந்தது.

கவரை மூடி வண்டியை ஸ்டார்ட் செய்தபோது, கொடியடியில் நின்ற செல்வராணி முகத்தைச் சுளித்தாள். பக்கத்தில் வந்து, தட்டுவது முன்னால் இருந்ததைவிடக் கூடிப்போய்விட்டது என்று சத்தமாகவே சொன்னாள். அவன் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை நிறுத்தினான்.

“எனக்குக் கேக்கல ராணி.”

“என்ன கேக்கல?”

“டேப்பட் சத்தமே கேக்கல. நேத்து இன்னாசியம்மா அக்கா சொல்லித்தான் தெரியும். காது போச்சுன்னு நெனைக்கிறேன்.”

செல்வராணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மகள் ரம்யாவை திருச்சியில் நர்சிங் படிக்க ஹாஸ்டலில் சேர்த்தது அவள் பிடிவாதத்தில்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை.

“நீங்க கோவத்துலதான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “கூப்புடுறதையே விட்டுட்டேன்.”

அவள் அப்படியொரு பாரத்தைச் சுமந்துகொண்டு சமைத்தும் துவைத்தும் போட்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் பேச்சு குறைந்துபோனதை அவனும் கவனித்திருந்தான். பிள்ளை இல்லாத வீடு அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தான். கோபமெல்லாம் ரம்யாவைச் சேர்த்த வாரத்தோடே போய்விட்டது என்று சொன்னான். அவள் கண் கலங்கியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே, இப்போது எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியைக் கவர்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்கும் விதத்தை அவன் காட்டினான். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தாள். அப்புறம் நடுவில் விரலை வைத்தாள்.

அவனுக்கு விளங்கிவிட்டது. பிஸ்டன் மேலே வந்திருந்தது உண்மைதான். ஆனால் அது புகையைத் தள்ளிவிட்டு வந்த நேரம். வால்வு இரண்டும் மூடியிருக்கும்போது வைக்க வேண்டிய இடைவெளியை, இரண்டும் லேசாகத் திறந்திருக்கும்போது வைத்துவிட்டான். எப்போதும் காது சரிபார்த்துக் கொடுத்துவிடும் என்ற பழக்கத்தில் செய்த வேலை.

சாப்பிட்டுவிட்டு, என்ஜின் ஆறும்வரை இருவரும் ரம்யாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கவரைத் திறந்தான். அவள் ஃபேனைப் பிடித்து என்ஜினை மெல்லச் சுற்ற, நடு சிலிண்டரின் ராக்கர் இரண்டும் தளர்ந்து ஆடுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னான். இப்போது தகடு தாராளமாகப் போனது. பதமாக இறுக்கினான். கவரை வைத்து ஸ்டார்ட் செய்தபோது அவள் ஸ்க்ரூடிரைவரை மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று கையால் காட்டினாள். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பி கவரின் நட்டை முறுக்கினான்.

திங்கட்கிழமை காது டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். நார்த்தாமலைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் வலப்பக்க சீட்டில் ஜன்னலோரம் அவன் முதலில் உட்கார்ந்தான். எந்தக் காது கொஞ்சமாவது கேட்கும் என்று செல்வராணி கேட்டாள். வலது என்றான். அவனை இந்தப் பக்கம் நகரச் சொல்லிவிட்டு, அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.