பன்னிரண்டு பேர் கைகுலுக்கும் கணக்கு

கார்லீன் செய்தது பெரிய குற்றமெல்லாம் இல்லை, வந்த பார்சலைப் பிரித்தாள், அவ்வளவுதான். பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். ஜனவரி வந்தால் புத்தகப் பெட்டிகள் வரிசைகட்டும். பிள்ளை கண்ணில் படுவதற்குள் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் கிழித்து, விடைப்புத்தகத்தை மட்டும் உருவி ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட வேண்டும். எட்டு வருஷப் பழக்கம். மகள் திர்ஸாவுக்கு இப்போது பதினாலு வயது. போன கோடையிலேயே ஃபிரிட்ஜ் மேல் அவள் கை எட்டிவிட்டது. ஆனாலும் ஒரு தடவைகூட அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை.

அன்றைக்கு நான்கு பெட்டிகள் வந்திருந்தன. நான்காவதற்குள் இருந்த வெள்ளை உறையையும் கத்தி அதே வேகத்தில் கிழித்துவிட்டது. கையில் வந்தது விடைப்புத்தகம் இல்லை. மாநிலக் கணக்குப் போட்டியின் கேள்வித்தாள் கட்டு. பத்து நாள் கழித்து, சர்ச்சின் அடித்தளத்தில், ஏழு பிள்ளைகளுக்கு முன்னால் பிரிக்க வேண்டியது.

அது ஏன் அவள் வீட்டுக்கு வந்தது என்று கேட்டால், அதுவும் ஒரு கூத்துதான். வெளிப்பிள்ளைகளுக்கு இடமில்லை என்று ஊர்ப் பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து தாங்களே ஒரு தேர்வு மையம் பதிவு செய்தார்கள். பெற்ற பிள்ளையை யாரும் மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்ட மார்லிஸ் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளோ மகளின் பிரசவத்துக்குக் கான்சாஸ் போயிருந்தாள். விலாசம் கார்லீனுடையதாயிற்று.

கார்லீன் கட்டைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்ததும் கடைசிப் பக்கம் மேலே வந்துவிட்டது. முப்பதாவது கேள்வி. வட்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். யார் கையும் இன்னொருவர் கைக்குக் குறுக்கே போகாமல் எல்லாரும் ஜோடி ஜோடியாக ஒரே நேரத்தில் கைகுலுக்க எத்தனை வழி? கண்ணை மூடிக்கொண்டாள். மூடி என்ன பிரயோஜனம், படித்தது படித்ததுதானே.

கணவன் வெண்டல் தானிய லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, மார்லிஸுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது என்றான். சொன்னால் மையத்தையே ரத்து செய்துவிடுவார்கள், ஏழு பிள்ளைகளின் வருஷமும் வீணாகும் என்றாள் கார்லீன். அப்படி யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை, அவள் பயம்தான் சொன்னது. அன்று மாலையே உறையை ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டாள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முப்பதில் இருபத்துநான்கு எடுத்தால் ஜூனில் மூன்று வாரம் கணக்கு முகாம். பதினைந்து வயதானால் சேர்க்க மாட்டார்கள், ஆக இதுதான் கடைசி வாய்ப்பு. பரிசைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நினைக்கவே இல்லை. திர்ஸாவுக்குப் பேச ஆள் இல்லை, அதுதான் விஷயம். சாப்பாட்டு மேசையில் பகா எண்களை வைத்து ஒரு ஜோக் அடிப்பாள். வெண்டல் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பான். "அப்பா, புரியலன்னா சிரிக்க வேண்டாம்ப்பா, பரவால்ல," என்பாள் அவள், கோபமே இல்லாமல்.  கார்லீனுக்கும் மகளின் கணக்கு புரியாமல் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது அவள் சொல்லித்தருவது என்றால், எதிரில் உட்கார்ந்து ரொட்டி மாவு பிசைவதும், மகள் விடையைச் சொன்னதும் எழுந்து ஃபிரிட்ஜ் மேலிருக்கும் புத்தகத்தைப் பார்த்து சரி, தப்பு என்பதும்தான். முகாமில் முப்பது பிள்ளைகள், முப்பதும் இவளைப் போல. அந்த ஜோக்குக்கு யாராவது ஒருத்தி சரியான நேரத்தில் சிரித்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது அது நடந்தது. பழைய புத்தகத்தில் திர்ஸா ஒரு கணக்கு போட்டாள். மேசையைச் சுற்றி ஆறு பேர், அதே கைகுலுக்கல். ஐந்து வழி என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனாள்.

"இருடி," என்றாள் கார்லீன். "அதையே இன்னும் கொஞ்சம் பாரேன். எட்டு பேர் இருந்தா என்ன ஆகும்? பன்னெண்டு பேர் இருந்தா?"

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாளா என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. எட்டு வருஷத்தில் எந்தக் கணக்கையும் 'இதைப் பார்' என்று அவள் சொன்னதில்லை. திர்ஸா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கார்லீன் மாவை என்றுமில்லாத வேகத்தில் பிசைந்தாள். பிறகு பென்சில் ஓடியது. எட்டு பேருக்குப் பதினாலு, பத்து பேருக்கு நாற்பத்திரண்டு.

"பன்னெண்டுக்கு நூத்தி முப்பத்திரண்டு," என்றாள் திர்ஸா. கணக்குக்கு விடை வந்துவிட்டால் வழக்கமாக நாற்காலியில் ஒரு குதி குதிப்பாள். அன்றைக்குக் குதிக்கவில்லை.

அடுத்த நாள் மார்லிஸ் ஊர் திரும்பி உறையை வாங்கிப் போனாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, தபால்காரர்கள் இப்படித்தான் பார்சலைப் பந்தாடுகிறார்கள் என்று திட்டினாள். கார்லீன் வாயைத் திறக்கவில்லை. திர்ஸா வாசல்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாளில் பிள்ளைகள் கீழே எழுத, அம்மாக்கள் மேலே சமையலறையில் சில்லி என்ற பீன்ஸ் இறைச்சிக் குழம்பு கிண்டி, பட்டைத்தூள் தூவிய சின்னமன் ரோல் சுட்டார்கள். கார்லீன் கிண்டியதில் பாதி அடிப்பிடித்தது. மேலே வந்த திர்ஸா எல்லாரையும் போல இரண்டு ரோல் தின்றாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, நல்லாத்தான் என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு வந்தது. இருபத்துமூன்று. முகாமுக்கு ஒன்று குறைவு. ஆறு தப்பு, ஒன்று எழுதவில்லை. எழுதாதது முப்பதாவது.

நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று வெண்டல் சமாதானம் சொன்னான்.

"நேரம் இருந்துச்சுப்பா. பதினோரு நிமிஷம் மிச்சம்."

 ஏன் விட்டாய் என்று கேட்க கார்லீனுக்கு அருகதை இல்லை, இருந்தாலும் கேட்டாள்.

"அதுக்கு விடை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்," என்றாள் திர்ஸா. "நானா கண்டுபிடிச்சது இல்லையே. நீ குடுத்தது."

"சொன்னா எல்லாருக்கும் ரத்தாயிடும்னு பயந்துட்டேன்டி."

"ரத்தாகாதும்மா. உறை கிழிஞ்சுட்டா போன் பண்ணணும், மூணு நாள்ல வேற கேள்வித்தாள் அனுப்புவாங்க. போட்டியோட விதிப் புத்தகத்துல நாலாவது பக்கம். நீ பன்னெண்டு பேர்னு கேட்ட அன்னைக்கே, அலமாரியில ஒட்டி வச்சிருந்த உறையைப் பார்த்துட்டு எடுத்துப் படிச்சேன்." தட்டில் இருந்த ரொட்டியை அவள் நகர்த்தி வைத்தாள். "நீ சொல்லுவே, சொல்லுவேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். மார்லிஸ் ஆன்ட்டி வாசல்ல நின்னப்பகூட."

வெண்டல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். கார்லீன் எழுந்து, மகளுக்கு முன்னாலேயே மார்லிஸுக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னாள்.  நடந்ததைப் போட்டி நடத்துபவர்களுக்கு எழுதித்தான் ஆக வேண்டும், அடுத்த வருஷம் மையம் கிடைப்பது சந்தேகம் என்றாள் மார்லிஸ். எழுது என்றாள் கார்லீன். போனை வைத்துவிட்டுத் திரும்பி, என்னை மன்னித்துவிடு என்று அழுதாள். திர்ஸா வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "சரிம்மா, விடு," என்றாள். அதில் பொய் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது.

மறுநாள் காலையில் வழக்கம் போல மேசைக்கு வந்தாள். கார்லீன் எதிரில் உட்கார்ந்து மாவு பிசைந்தாள். பென்சில் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கணக்கு முடிந்ததும் கார்லீன் கையைத் துடைத்துக்கொண்டு, விடையைக் கேட்கத் தயாராக நிமிர்ந்தாள். திர்ஸா விடையைச் சொல்லவில்லை. எழுந்து போய், ஃபிரிட்ஜ் மேல் கையை நீட்டி, புத்தகத்தைத் தானே எடுத்து, பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே வைத்தாள்.