மனோரஞ்சிதத்துக்கு ஒரு கரி ஃபில்டர்

என் மனோரஞ்சிதச் செடியின் வாசனை மாடியிறங்கிப் போய், செயலாளர் சென்னியப்பனின் சோபாவில் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்க மறுக்கிறது. செடி இருப்பது என் பின்னறையில், விளக்கு வெளிச்சத்தில். நான் இருப்பது வாடகைக்கு.

"உங்க வாசனைய வந்து கூட்டிட்டுப் போங்க," என்றார் சென்னியப்பன். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம்.

"படிக்கட்டுல குப்பை நாறுதுங்களே, சார்."

"அது சொந்த வீட்டுக்காரங்க குப்பைங்க. உங்களுது வாடகை வாசனை. வாசனைய உறிஞ்சற கரி ஃபில்டர் மாட்டுங்க. இல்லீனா காலி பண்ணுங்க."

போன வீட்டில் கருவாட்டுக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். அதனால்தான் பூவுக்கு மாறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு காந்திபுரம் போனேன்.

கடைக்காரர் திருமூர்த்தி கரி ஃபில்டர்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ரூம் என்ன சைசுங்க?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"ரூம் காத்தை நிமிசத்துக்கு ஒருக்கா ஃபேன் வெளிய தள்ளோணும். அது இழுக்கற இழுப்பை ஃபில்டர் தாங்கோணும். சிறுசா எடுத்தீங்கன்னா வாசனை நழுவிக்கும். எதுக்கும் அளந்துட்டு வாங்க."

அளந்தேன். டேப் தீர்ந்தது. எதிர்ச்சுவரைக் காணோம். செடி மட்டும் தூரத்தில், வயலில் நிற்பதுபோல் நின்றது. திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"கோவப்பட்டா ரூம் நீளுமுங்க," என்றார் திருமூர்த்தி. "கோவப்படாம அளந்து பாருங்களேன்."

"முடியாது. இருக்கறதுலயே பெருசைக் குடுங்க."

"பெருசு, பூ எது ஆள் எதுன்னு பாக்காதுங்க."

"குடுங்க."

ஃபில்டரை உள்ளே தொங்கவிட்டேன். குழாய் மாட்டி ஃபேனோடு சேர்த்தேன். சுவிட்சைத் தட்டினேன்.

முதலில் வாசனை போயிற்று. அடுத்து, அடுப்பில் கடுகு வெடிக்கும் சத்தமும் போயிற்று. பிறகு வாசலில் எழுதியிருந்த என் பெயர், வேதவல்லி, ஒவ்வொரு எழுத்தாகக் கழன்று உள்ளே பறந்தது. அதன் பின் லிஃப்ட் எனக்காக நிற்கவில்லை.

சென்னியப்பன் வந்தார். என்னை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இப்பத்தான் வீடு வீடாட்டம் இருக்குது."

"சார், நான் இங்கதான் நிக்கறேன்."

அவர் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டையை என் தோளில் மாட்டிவிட்டுப் போனார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. எல்லாவற்றையும் இழுத்த ஃபேன் அந்தச் சூட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது. நாள் முழுக்க அதோடு நின்றேன்.

சாயங்காலம் வீடு பார்க்க ஒரு பெண்ணைச் சென்னியப்பன் அழைத்து வந்தார். ரோஸ்லின், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வாசற்படியிலேயே நின்று முகர்ந்து பார்த்தாள்.

"என்னமோ வாசனை வருதுங்களே."

"காலி வீடுங்கம்மா. ஒண்ணுமில்லீங்க."

"இல்லைங்க. யாரோ பயங்கரக் கோவத்துல இருக்காங்க."

சென்னியப்பன் மூக்கைப் பொத்தினார். கண்ணில் நீர் கொட்டியது. தட்டுத்தடுமாறிப் படியிறங்கி ஓடினார்.

ரோஸ்லின் நேராக என்னைப் பார்த்தாள். "எம்மேலயும் இதே வாசனை அடிக்குதுன்னுதான் போன வீட்டுல காலி பண்ணச் சொன்னாங்க, அக்கா."

"அந்த ஃபேனை நிறுத்து," என்றேன். "ஜன்னலைத் திற. எல்லா ஜன்னலையும்."

திறந்தாள். கீழே ஒவ்வொரு வீடாக, சொந்த வீட்டுக்காரர்கள் இருமத் தொடங்கினார்கள்.