கிருமி போடாத குழிகள்

பன்றியின் மூச்சுக்குழாயிலிருந்து சுரண்டியெடுத்த செல்களை, பிளாஸ்டிக் தட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் வளர்ப்பதுதான் அக்காவின் வேலை. பாதிக் குழிகளில் காய்ச்சல் கிருமியைப் போடுவாள். மீதியை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவைப்பாள். கிருமி நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற ஒன்றைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் அதைத்தான் கருவியில் அளந்து பார்ப்பாள்.

அன்று அளந்தவளுக்குப் பகீரென்றது. கிருமியே போடாத குழிகளும் இன்டர்ஃபெரானைச் சுரந்து கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தன.

கை தவறி நாமே கலந்துவிட்டோமோ என்று முதலில் பதறினாள். குளிர்பெட்டியில் அதே மூச்சுக்குழாயின் மிச்சத் துண்டு இருந்தது. கிருமிக் குப்பியின் பக்கமே போகாத துண்டு. சோதித்துப் பார்த்தாள். அதிலும் காய்ச்சல் கிருமி இருந்தது. அப்படியானால் பன்றியே நோயோடுதான் வந்திருக்கிறது.

அது அவள் தங்கை வீட்டுப் பண்ணைப் பன்றி. தங்கை நிறைமாதக் கர்ப்பிணி. சொன்னால் கேட்காமல் இன்னும் கொட்டில் கழுவிக்கொண்டிருக்கிறாள். இந்தக் காய்ச்சல் அவள் நுரையீரலில் இறங்கினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

உடனே தங்கையின் கணவனுக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, உங்க பன்னிங்க ஏதாவது இருமுதா?"

"சேச்சே, எல்லாம் கல்லு மாதிரி இருக்குக்கா."

தன் பன்றிகளுக்கு நோய் அண்டாது என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிற ஆள் வேறு எப்படிச் சொல்வான்? அதற்குள் அவன் குரலுக்குப் பின்னால் யாரோ விடாமல் இருமினார்கள்.

"அது யாரு?"

"உங்க தங்கச்சிதான். லேசா ஜலதோஷம்."

அக்கா ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பண்ணையில் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் தங்கை உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொதித்தது. ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். கொட்டிலுக்குள் பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன.

"அவருதான் வெளிய சொல்லாதேன்னாருக்கா," என்றாள் தங்கை.

ஆஸ்பத்திரியில் தங்கையின் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மூடியை வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் அவள் கணவனிடம் கேட்டார். "வீட்ல கோழி, பன்னி ஏதாவது வளர்க்கறீங்களா? அதுங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவன் "இல்..." என்று ஆரம்பித்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மனைவியின் வயிறு ஏறி ஏறி இறங்கியது.

"இருக்கு டாக்டர். கொஞ்ச நாளாவே இருமுதுங்க. வித்து முடிக்கற வரைக்கும் மறைச்சிடலாம்னு..."

"முதல்லயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்தைத் தொடங்க உள்ளே விரைந்தார். பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்க பன்னியோட ஒரு துளி செல்லு, கண்ணுக்கே தெரியாது மாப்பிள்ளை. கிருமி உள்ள வந்துடுச்சுன்னா அது தன் கதி என்னன்னு பாக்கறதில்ல. பக்கத்துல இருக்கறதுக்குச் சொல்லிடுது. அதுக்கு இருக்கற பொறுப்பு நமக்கு இல்லையே!"

அவன் போனை எடுத்து, பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, என் பன்னிங்களுக்குக் காய்ச்சல். மறைச்சிட்டேன். என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடக்கறா. உங்களுதப் பாத்துக்குங்க."



"என்னுதும் இருமுதுப்பா. நீ என்ன சொல்லுவியோன்னுதான் நானும் சொல்லல." என்றார் அவர். "என் பேத்திக்கு நேத்துலேர்ந்து உடம்பு அனலா கொதிக்குது."

"தூக்கிட்டு வாங்கண்ணே, உடனே வாங்க!" என்று அவன் கத்திவிட்டான். "நோய் வர்றது தப்பில்லண்ணே. மறைக்கறதுதான் ஆளக் கொல்லுது."